ஐஸ் மேல வெறுங்கால்ல நிக்கிற வாத்துக்கு கால் ஏன் உறையல?

தூங்காத_அப்பன்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா மன்னிச்சுக்கோங்க, உண்மையிலயே சின்னப்புள்ள கேட்ட கேள்விதான்.

நேத்து ராத்திரி என் பொண்ணுகூட (எட்டு வயசு) உக்காந்து ஒரு வீடியோ பார்த்துட்டிருந்தேன். ஏரி மொத்தமும் உறைஞ்சு கெடக்கு, அதுமேல நாலஞ்சு வாத்து சும்மா நிக்குதுங்க. ஓடல, ஆடல, அப்படியே நிக்குது, அதுல ஒண்ணு ஒத்தக்கால்ல நிக்குது. "அப்பா அது தவம் பண்ணுதா, செருப்புகூட போடலயே, கால் சில்லுன்னு இருக்காதா"ன்னு கேட்டா. அது பறவைம்மா, அதுக்கு பழகிருக்கும்னு சொல்லி சமாளிச்சேன். அவ எந்திரிச்சுப் போயி ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒரு ஐஸ் கட்டிய எடுத்துட்டு வந்து என் உள்ளங்கையில வச்சு "அப்ப நீயும் பழகிக்கோ"ன்னுட்டா. ஒரு நிமிஷம் தாங்கல, எலும்பு வரைக்கும் வலி ஏறிருச்சு.

அவ தூங்கினப்புறம் தேடிப் பார்த்தேன். ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. பாதிப்பேரு "தகவமைப்பு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. அது பதிலா என்ன? கேள்விக்கே இன்னொரு பேரு வச்ச மாதிரி இருக்கு.

எனக்கு ரெண்டு விஷயம் புரியல. ஒண்ணு, கால் எப்படி உறையாம இருக்கு. ரெண்டாவதுதான் ரொம்ப குடையுது: கால்ல ரத்தம் ஓடுதுன்னா அந்த ரத்தம் ஐஸ் மாதிரி ஆகி திரும்ப உடம்புக்குள்ளதானே போகணும்? கொஞ்ச நேரத்துல மொத்த வாத்தும் குளிர்ந்து போயிருக்கணுமே? தெரிஞ்சவங்க சொல்லுங்க, காலைல அவ எந்திரிச்சா மறுபடி கேப்பா.

சுறுசுறு_சோம்பேறி

ப்ரோ இது சிம்பிள். வாத்து கால்ல நரம்பே கெடையாது, வெறும் எலும்பும் செதிலும்தான், அதான் வலிக்கல. அதோட ரத்தத்துல ஆன்ட்டிஃப்ரீஸ் மாதிரி ஒரு கெமிக்கல் இருக்கு, கார் ரேடியேட்டர்ல ஊத்துறோமே அதே கான்செப்ட். எங்கயோ படிச்ச ஞாபகம்.

பாய்லர்_மாமா

மேல தம்பி சொன்னது ரெண்டுமே தப்பு, கோச்சுக்காதீங்க தம்பி. நான் உயிரியல் படிச்சவன் இல்ல, இருபது வருஷமா ஹீட் எக்ஸ்சேஞ்சரோட (ஒரு குழாய்ல ஓடறதோட சூட்ட இன்னொரு குழாய்ல ஓடறதுக்கு மாத்துற மெஷின்) மாரடிக்கிறவன். ஆனா இந்த வாத்துக் கால் விஷயத்த முதல் தடவ படிச்சப்ப எனக்கு சிரிப்பே வந்துருச்சு, ஏன்னா நாங்க பிளான்ட்ல வச்சிருக்கிற அதே சரக்கு அதோட கால்ல இருக்கு.

பொறுமையா கேளுங்க. ரெண்டு குழாய ஒட்டி ஒட்டி வைக்கிறோம்னு வச்சுக்கோங்க. ஒண்ணுல 40 டிகிரி சுடுதண்ணி, இன்னொண்ணுல 0 டிகிரி பச்சத்தண்ணி, ரெண்டும் ஒரே அளவு. ரெண்டையும் ஒரே திசையில ஓட விட்டா என்ன ஆகும்? சுடுதண்ணி ஆறிக்கிட்டே வரும், பச்சத்தண்ணி சூடாகிக்கிட்டே வரும், கடைசில ரெண்டும் 20ல வந்து நின்னுடும். குழாய் எத்தன கிலோமீட்டர் நீளம்னாலும் அதுக்கு மேல நகராது, ஏன்னா ரெண்டும் சமமாயிட்டா சூடு கைமாறாது.

இப்ப ஒண்ண மட்டும் எதிர்த்திசையில ஓட விடுங்க. சுடுதண்ணி போகப்போக ஆறுது, ஆனா அது போற வழியில எதிர்ல வர்ற தண்ணி எப்பவும் அத விட ஒரு டிகிரி ரெண்டு டிகிரி கம்மியாவே இருக்கும். அதுனால வழி நெடுக சூடு கைமாறிக்கிட்டே இருக்கும். குழாய் போதுமான நீளம் இருந்தா 40ல கிளம்பினது 2ல போய் வெளிய வரும், 0ல கிளம்பினது 38ல வெளிய வரும். கரண்டும் வேணாம் பம்பும் வேணாம், திசைய மட்டும் மாத்தினா போதும். இந்த எடத்துலதான் ட்ரெய்னிங் வர்ற பசங்க எல்லாம் ஒரு நிமிஷம் நம்பாம பார்ப்பாங்க, நானும் அப்படித்தான் பார்த்தேன்.

வாத்து கால்ல இதேதான். உடம்புலருந்து கீழ போற குழாயும் பாதத்துலருந்து மேல வர்ற குழாயும் கால்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போகுது. கீழ போற சூடான ரத்தம் தன் சூட்ட பாதம் வரைக்கும் கொண்டு போறதே இல்ல, பாதி வழியிலயே எதிர்ல வர்றவன்கிட்ட குடுத்துட்டுப் போயிடுது. அதுனால பாதத்துக்குப் போய் சேர்றது ஏற்கனவே ஆறின ரத்தம், உடம்புக்குத் திரும்பி வர்றது ஏற்கனவே சூடேறின ரத்தம். உங்க ரெண்டாவது கேள்விக்கு இதான் பதில். ஐஸுக்குப் போய் வீணாகறதுக்கு அங்க சூடே இல்ல.

தூங்காத_அப்பன்

மாமா கும்பிடுறேன். 20க்கு மேல நகராதுன்னு சொன்னீங்களே அந்த எடத்துலதான் எனக்கு பல்பு எரிஞ்சது.

ஆனா இப்ப இன்னொரு சந்தேகம் கிளம்புது. அப்ப பாதம் நிஜமாவே ஜில்லுன்னுதான் இருக்கா? நான் என்னவோ பாதத்த சூடா வச்சுக்க ஏதோ டெக்னிக் வச்சிருக்குன்னு நெனச்சேன். ஜில்லுன்னு இருந்தா அது எப்படி நடக்குது, வலிக்காதா?

ஊசிபோடும்_கை

கால்நடை மருத்துவம் படிச்சவ. இந்த இழைய லேட்டா பார்த்தேன், பாய்லர் மாமா முக்கால்வாசி வேலைய முடிச்சிட்டார்.

ஆமா சார், பாதம் ஜில்லுன்னுதான் இருக்கு. எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறது இந்த எடத்துலதான். வாத்தோட உடம்பு 41 டிகிரி பக்கம், பாதம் பூஜ்யத்துக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி மேல. அத சூடா வச்சுக்கணும்னு அது நெனைக்கவே இல்ல, உறையாம இருந்தா போதும்னு விட்டுருச்சு. உடம்புக்குள்ள உப்பு எல்லாம் கரைஞ்சிருக்கறதால திசு சரியா 0ல உறையாது, அதுக்கும் கொஞ்சம் கீழ போனாத்தான் உறையும், அந்த வாசல்ல நின்னுக்கிட்டு காலத்த ஓட்டுது. இன்னொரு லாபமும் இருக்கு, பாதம் சூடா இருந்தா அடியில ஐஸ் உருகி தண்ணியாகி மறுபடி உறைஞ்சு கால் ஒட்டிக்கும்.

எப்படி நடக்குதுன்னு கேட்டீங்க. பறவைக் கால நீங்க கையில எடுத்துப் பார்த்தா தெரியும், அந்தக் குச்சி மாதிரி பகுதியில சதையே இருக்காது, எலும்பு, செதில், உள்ள வெள்ளையா கயிறு மாதிரி டெண்டன், அவ்வளவுதான். விரல மடக்குற தசை எல்லாம் மேல, இறகுக்குள்ள கதகதன்னு இருக்கற எடத்துல இருக்கு. தசைக்கு குளிர் ஆகாது, மந்தமாயிடும். கயிறுக்கு குளிர் ஒரு பொருட்டே இல்ல. பொம்மலாட்டக்காரன் மேல நின்னுக்கிட்டு நூல இழுக்கற மாதிரி, தசை மேல நின்னு இழுக்கும், விரல் கீழ மடங்கும். படிக்கிற காலத்துல ஒரு கோழிக்கால வச்சுக்கிட்டு அந்த வெள்ளைக் கயிற இழுத்து இழுத்து விரல் மூடித் திறக்கறத நாள் முழுக்க பார்த்துட்டு இருந்தோம், ப்ரொஃபசர் வந்து திட்டுற வரைக்கும்.

நரம்பே இல்லங்கறது தப்பு. இருக்கு, வேலையும் செய்யுது. 1953ல ஹெர்ரிங் கல் அப்படிங்கற கடற்பறவையோட கால் நரம்ப எடுத்து சோதிச்சாங்க. ஒரே நரம்புதான், ஆனா குளிருக்குப் பழகின பறவையில கீழ்ப்பாதி, மேல்பாதியை விட ரொம்ப குறைஞ்ச வெப்பநிலையிலயும் சிக்னல் கடத்துது. ஒரே கம்பியில ரெண்டு முனைக்கும் வேற வேற தரம்! கொழுப்பும் அப்படித்தான், பல விலங்குகள்ல உடம்புகிட்ட இருக்கற கொழுப்பு கட்டியாகற குளிர்ல குளம்பு பக்கத்துக் கொழுப்பு எண்ணெயாவே இருக்கும், மாட்டுக் குளம்பெண்ணெய தோல் சாமானுக்குப் பூசுறது அதுனாலதான்.

ஆன்ட்டிஃப்ரீஸ் விஷயம் முழுப் பொய் இல்ல, ஆள்தான் மாறிப் போச்சு. அது அண்டார்டிக் கடல் மீன்களுக்கு. அந்தக் கடல் தண்ணி உப்புங்கறதால சுமார் -1.9 வரைக்கும் உறையாம இருக்கும், சாதாரண மீனோட ரத்தம் அதுக்கு முன்னாடியே உறைஞ்சிடும். 1960கள்ல ஆர்தர் டெவ்ரீஸ்னு ஒருத்தர் அந்த மீன் ரத்தத்துல பனித்துகள் வளர விடாம புடிச்சு வைக்கற ஒரு புரதத்த கண்டுபிடிச்சார். வாத்துக்கு அது கெடையாது, தேவையும் இல்ல.

அப்புறம் ஒத்தக்கால். தவம் எல்லாம் இல்லம்மான்னு சொல்லிடுங்க பாப்பாகிட்ட, இன்னொரு கால் இறகுக்குள்ள போர்வை போத்திக்கிட்டு இருக்கு. வெளிய தெரியற கால் பாதியாச்சுன்னா அது வழியா போற சூடும் பாதி.

சுறுசுறு_சோம்பேறி

சரி ரெண்டும் தப்பு, ஒத்துக்கறேன் 😅 மீன்னு சொல்லிருக்கணும் போல.

ஆனா ஒரு கேள்வி. இவ்வளவு சுத்தி வளைக்கறதுக்கு பாதத்துக்கு ரத்தம் போறத மொத்தமா நிறுத்திட்டா என்ன? குழாய அடைச்சிட்டா சூடும் போகாது ஒண்ணும் போகாது.

ஊசிபோடும்_கை

நல்ல கேள்வி தம்பி. அடைச்சா சூடு மட்டும் இல்ல, ஆக்சிஜனும் போகாது. கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் திசு செத்துடும், அதான் மனுஷங்களுக்கு பனிப்புண் வந்து விரல வெட்டி எடுக்கற கதை. அதுனால குறைக்கும், ஆனா நிறுத்தாது. வெளிய ரொம்ப மோசமாயி -20 -30ன்னு போச்சுன்னா வாத்து செலவப் பார்க்காம ரத்தத்த கூடுதலாவே திறந்து விட்டுடும். சூடு வீணாகும்தான், கால் போறதுக்கு அது தேவலை. அப்படியும் சில பறவைக்கு விரல் கருகிப் போறது உண்டு.

உங்க கையிலயும் இது நடக்குது தெரியுமா? விரல ஐஸ் தண்ணியில விட்டா முதல்ல வெளுத்து வலிக்கும், அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு தானா சிவந்து கொஞ்சம் சூடாகும், மறுபடி வெளுக்கும், மறுபடி சிவக்கும். 1930ல தாமஸ் லூயிஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் இத எழுதி வச்சார், ஹன்டிங் ரியாக்ஷன்னு பேரு. (குழந்தைங்கள வச்சு அவ்வளவு நேரம் செய்யாதீங்க.)

பாய்லர்_மாமா

மேடம், ஹன்டிங்னு சொன்னதும் துள்ளி எந்திரிச்சிட்டேன். வேட்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல மக்களே. என்ஜின் கவர்னர் (வேகத்த ஒரே சீரா வச்சுக்கற கருவி) ஒரு நிலையில நிக்காம ஏறி இறங்கி ஆடிக்கிட்டே இருந்தா நாங்க "ஹன்டிங் ஆகுது"ம்போம். அதே அர்த்தம். பிளான்ட்ல அது கோளாறு, ஆளு ஓடி வரணும். விரல்ல அதே ஆட்டம் வைத்தியம்.

ராவுத்தர்_மகன்

வாத்துக்கு மட்டும் இவ்வளவு சலுகை, மனுஷனுக்கு ஒண்ணும் இல்லயா? நமக்கும் ரத்தக் குழாய்தானே ஓடுது, அத ஒட்டி வச்சிருந்தா நாமளும் வெறுங்கால்ல நின்னிருப்போமே. ஒரு வருத்தத்துல கேக்கறேன்.

ஊசிபோடும்_கை

இருக்கு சார், உங்க கையிலயே பாருங்க. புறங்கையில பச்சையா தெரியுதே, நாம பேச்சுவாக்குல "நரம்பு புடைச்சிருக்கு"ம்போம், அது நரம்பு இல்ல, சிரை. வெயில்ல நடந்துட்டு வந்தா அது தடிச்சு எழும்பி நிக்கும். பச்சத்தண்ணியில கொஞ்ச நேரம் கைய வச்சுட்டுப் பாருங்க, எங்க போச்சுன்னே தெரியாது. காரணம் என்னன்னா கையிலருந்து ரத்தம் திரும்ப ரெண்டு ரூட் இருக்கு. ஒண்ணு தோலுக்கு அடியிலயே வர்ற மேல் ரூட். இன்னொண்ணு உள்ளுக்குள்ள, தமனிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சிரை காவல்காரன் மாதிரி ஒட்டிக்கிட்டு வர்ற ரூட். சூடா இருந்தா ரத்தம் மேல் ரூட்ல வந்து காத்துல சூட்ட விட்டுட்டுப் போகும். குளிர்ந்தா மேல் ரூட் மூடிக்கும், எல்லாம் உள் ரூட்ல வரும், அங்க மாமா சொன்ன எதிர்த்திசை கைமாத்து நடக்கும். கிளாட் பெர்னார்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி 1876லயே இத யூகிச்சிட்டார்.

ஆனா நம்மளது சுமார் ரகம். விரலு விரலா பிரிஞ்சு தோல் பரப்பு ஜாஸ்தி, கைக்குள்ளயே சின்னச் சின்ன தசை இருக்கு, போர்த்திக்க இறகும் இல்ல. நாம வெப்பப் பிரதேசத்துல உருவான உயிரு, சூட்ட வெளிய தள்ளற விஷயத்துலதான் நாம கெட்டி, வேர்வையில நம்மள அடிச்சுக்க அதிகம் பேரு இல்ல.

வாத்துக்கும் இந்த ரெண்டு ரூட் உண்டு. வெயில் காலத்துல அதே கால்தான் அதுக்கு ரேடியேட்டர், ரத்தத்த நெறைய விட்டு சூட்ட கொட்டிடும். நாரை இன்னும் ஒரு படி மேல, வெயில்ல தன் கால் மேலயே கக்கா போயிக்கும், ஈரம் ஆவியாகி கால் குளிரும். பாப்பாவுக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும், சொல்லலாமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க.

கடல்நாய்

நிலத்துலயே சுத்திக்கிட்டு இருக்கீங்க, கொஞ்சம் தண்ணிக்கும் வாங்க, இந்த எதிர்த்திசை வித்தைக்கு பெரிய கடையே அங்கதான் இருக்கு.

மீன் செவுள எடுத்துக்கோங்க. ஒரு லிட்டர் காத்துல இருக்கற ஆக்சிஜன்ல முப்பதுல ஒரு பங்குதான் ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்கும், அத கறந்து எடுக்கணும். செவுளுக்குள்ள தண்ணி ஒரு பக்கம் ஓடுது, ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடுது. சூட்டுக்கு பதிலா ஆக்சிஜன், மத்தபடி மாமாவோட அதே கணக்கு. ஒரே திசையில ஓடியிருந்தா பாதிக்கு மேல எடுத்திருக்க முடியாது (அந்த 20ல நிக்கற கதை), எதிர்த்திசைங்கறதால 80 சதவீதம் வரைக்கும் எடுத்துடும்.

ஆனா இதுல ஒரு வில்லங்கம். செவுள் ஆக்சிஜன் எடுக்கற அளவுக்கு மெல்லிசுன்னா சூடும் அது வழியா ஓடிடும். மீன் என்னதான் நீந்தி சூடு பண்ணினாலும் ரத்தம் ஒரு தடவ செவுளுக்குப் போயிட்டு வந்தா கடல் தண்ணியோட குளிருக்கு வந்துடும். அதான் மீன் எல்லாம் குளிர்ரத்தமா இருக்கறதுக்கு பெரிய காரணம். சூரை மீன் இதுக்கு ஒரு வழி பண்ணிச்சு, நீந்துற தசைக்கு முன்னாடி நூத்துக்கணக்குல மெல்லிய குழாய்கள பின்னி ஒரு வலை வச்சு சூட்ட தசைக்குள்ளயே பூட்டிக்கிச்சு. பெரிய ப்ளூஃபின் சூரைக்கு தசை, சுத்தி இருக்கற தண்ணிய விட 10 டிகிரிக்கு மேல சூடா இருக்கும். ஆனா இதயம் அந்தப் பூட்டுக்கு வெளிய மாட்டிக்கிச்சு, ஆழத்துக்குப் போனா இதயம் மந்தமாயி மேல வந்து சூடு பண்ணிக்கணும்.

ஓபான்னு ஒரு மீன் இருக்கு, வட்டமா தட்டு மாதிரி. அது அந்த வலைய செவுளுக்குள்ளயே கொண்டு போய் வச்சிருச்சு! ரத்தம் செவுளுக்குப் போற வழியிலயே சூட்ட குடுத்துட்டுப் போகும், திரும்பி வரும்போது வாங்கிட்டு வரும், அதுனால இதயம் மூளை எல்லாமே சூடு, தண்ணிய விட சராசரியா 5 டிகிரி. 2015ல தான் கண்டுபிடிச்சாங்க. ரொம்ப காலமா புடிச்சுக்கிட்டு இருந்த மீன்தான், யாரும் செவுள உத்துப் பார்க்கல.

இன்னும் ஒண்ணு. டால்பினுக்கு விதைப்பை வெளிய தொங்காது, நீந்தணுமே, வயித்துக்குள்ள நீந்துற தசைகளுக்கு நடுவுல இருக்கு. அங்க சூட்டுல விந்தணு கெட்டுப் போகணும். கெடல, ஏன்னா முதுகுத் துடுப்புலயும் வாலுலயும் குளிர்ந்த ரத்தம் நேரா அங்க வந்து, விதைக்குப் போற தமனிகள ஒட்டி ஓடி ஆத்தி விடுது. வாத்து சூட்ட மிச்சம் புடிக்க பண்றத இது சூட்ட தள்ள பண்ணுது. சாம்பல் திமிங்கலத்துக்கு நாக்குலயே இந்த வலை இருக்கு, அவ்வளவு பெரிய நாக்க குளிர்ந்த கடல்ல திறந்து வச்சு சாப்பிடணும்ல.

பழைய_பேப்பர்

அந்தக் குழாய் வலைக்கு லத்தீன்ல ரீட்டே மிராபிலேன்னு பேரு, அற்புத வலைன்னு அர்த்தம். இதுக்குப் பின்னாடி ஒரு கூத்து இருக்கு.

இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க வைத்தியர் கேலன் மாடு, பன்னிய எல்லாம் அறுத்துப் பார்த்தப்ப மூளைக்கு அடியில இந்த வலைய பார்த்தார். அசந்து போயி, உயிர் ஆவி மன ஆவியா மாறுற எடம் இதுதான்னு ஒரு பெரிய தத்துவத்தயே கட்டி மனுஷனுக்கும் அது இருக்குன்னு எழுதிட்டார். மனுஷ உடம்ப அறுக்கற வாய்ப்பு அவருக்கு இல்ல. அதுக்கப்புறம் ஆயிரத்து முன்னூறு வருஷம், நம்பினா நம்புங்க, அவர் சொல்லிட்டார்னு எல்லாரும் மனுஷ மூளைக்கு அடியில அத வரைஞ்சிக்கிட்டே இருந்தாங்க. மனுஷ உடம்ப அறுத்துப் பார்த்த ரெண்டு பேருல, 1521ல பெரெங்காரியோ "நான் தேடித் தேடிப் பார்த்துட்டேன், காணோம்"னார், 1543ல வெசாலியஸ் கேலன் சொன்னத அடிச்சு ஒடைச்சார். நமக்கு அது கெடையவே கெடையாது.

மாடு, ஆடு, மான், பூனை வகையறாவுக்கு இருக்கு. எதுக்குன்னா மூக்குல மூச்சுக் காத்து பட்டு குளிர்ந்த ரத்தம் அந்த எடத்துக்கு வந்து, மூளைக்குப் போற ரத்தத்த ஆத்தி அனுப்புது. 1972ல ஒரு சின்ன கெஸல் மான ஓட விட்டு அளந்தப்ப மூளை மத்த உடம்ப விட கிட்டத்தட்ட 3 டிகிரி கம்மியா இருந்துச்சு. உடனே எல்லாப் புத்தகத்துலயும் "சிறுத்தை துரத்தும்போது மானோட மூளைய காப்பாத்துற ஏசி"ன்னு எழுதிட்டாங்க, நானும் அப்படித்தான் படிச்சேன். அப்புறம் காட்டுல சுதந்திரமா திரியற விலங்குக்குள்ள சின்ன தெர்மாமீட்டர் வச்சு மாசக்கணக்குல பார்த்தா, உயிருக்கு ஓடும்போது அந்த ஏசி ஆஃப் ஆயிடுது! சும்மா நிழல்ல நிக்கும்போதுதான் ஓடுது. இப்ப என்ன சொல்றாங்கன்னா, மூளையில வெப்பத்த அளக்கற பகுதி இதால குளிரும்போது உடம்பு "அவ்வளவு சூடு இல்ல போல"ன்னு வேர்க்கறத, மூச்சு வாங்கறத கொறைச்சுக்கும், தண்ணி மிச்சமாகும். அதாவது காப்பாத்துறது மூளைய இல்ல, தண்ணிய.

ராவுத்தர்_மகன்

தண்ணின்னதும் ஒட்டகம் ஞாபகம் வந்துச்சு. திமில்ல தண்ணி இல்ல கொழுப்புதான்னு தெரியும், ஆனா அதுக்கும் இந்த மாதிரி ஏதாச்சும் குழாய் வித்தை இருக்கா?

பாய்லர்_மாமா

இது என் ஏரியா, விடுங்க நான் சொல்றேன், மேடம் தப்பு இருந்தா திருத்துங்க.

ஒட்டகத்த விட சுவாரசியமான ஆள் கங்காரு எலி, வட அமெரிக்கப் பாலைவனத்துல இருக்கு. ஷ்மிட்-நீல்சன் தம்பதி, கனூட்டும் போடிலும், 1940கள்ல அரிசோனாவுல உக்காந்து ஆராய்ச்சி பண்ணாங்க. அந்த எலி தண்ணியே குடிக்காது. காஞ்ச விதைய மட்டும் தின்னுக்கிட்டு உசுரோட இருக்கும். சாப்பாடு உடம்புல எரியும்போது தண்ணி உண்டாகுது, ஒரு கிராம் மாவுச்சத்துக்கு அரை கிராமுக்கு கொஞ்சம் மேல. வரவு அவ்வளவுதான். வரவ கூட்ட முடியாது, செலவ குறைக்கணும்.

பெரிய செலவு மூச்சு. 37 டிகிரியில ஈரம் நெறைஞ்ச ஒரு கன மீட்டர் காத்துல 44 கிராம் தண்ணி இருக்கும், அதே காத்த 20 டிகிரிக்கு ஆத்தினா 17 கிராம்தான் தாங்கும், மிச்சம் 27 கிராம் படிஞ்சிடும். எலி மூக்குக்குள்ள சின்னச் சின்ன சுருள் பாதை. உள்ள இழுக்கும்போது காஞ்ச காத்து ஈரத்த உறிஞ்சி மூக்குச் சுவர குளிர வைக்கும். வெளிய விடும்போது அந்தக் குளிர்ந்த சுவர்ல பட்டு காத்து ஆறி, தண்ணி மூக்குக்குள்ளயே படிஞ்சிடும். கண்ணாடி டம்ளர்ல ஐஸ் போட்டா வெளிய வேர்க்குமே, அது மாதிரி.

ஆனா கவனிங்க, இது வாத்துக் கால் வித்தை இல்ல. அங்க ரெண்டு குழாய் பக்கத்துப் பக்கத்துல. இங்க ஒரே குழாய்தான், போகும்போது சுவர்ல டெபாசிட் பண்ணிட்டு வரும்போது எடுக்குது. எங்க பாஷையில அது ரெக்யூபரேட்டர், இது ரீஜெனரேட்டர், ரெண்டுக்கும் டிசைனே வேற. நெட்ல ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பறாங்க, அதான் கொஞ்சம் கத்திட்டேன். ஒட்டகமும் தாகத்துல இருக்கும்போது ராத்திரியில இதேதான் பண்ணும்.

ஊசிபோடும்_கை

திருத்த ஒண்ணும் இல்ல மாமா. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், எலியோட அடுத்த செலவு மூத்திரம். அங்க மறுபடி உங்க எதிர்த்திசை வந்துடுது. கிட்னிக்குள்ள கொண்டை ஊசி மாதிரி வளைஞ்ச குழாய், ஒரு கை கீழ போகுது ஒரு கை மேல வருது, பக்கத்துப் பக்கத்துல. சூட்டுக்கு பதிலா உப்பு. உங்க பிளான்ட்ல இருக்கறத விட இது ஒரு படி மேல, ஏன்னா மேல வர்ற கை சக்தி செலவு பண்ணி உப்ப வெளிய தள்ளுது, அது ஒவ்வொரு சுத்துக்கும் பெருகிக்கிட்டே போகும். நம்ம மூத்திரத்த விட அந்த எலியோடது நாலு மடங்கு அடர்த்தி.

ஒட்டகத்துக்கு வேற கணக்கு. தண்ணி இல்லாதப்ப உடம்பு வெப்பத்த 34லருந்து 41 வரைக்கும் ஏற விட்டுடும், பகல்ல வேர்க்காம சூட்ட சேத்து வச்சுக்கிட்டு ராத்திரி குளிர்ல சும்மா விட்டுடும். நமக்கு 40 ஆச்சுன்னா ஆஸ்பத்திரி.

தூங்காத_அப்பன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாத்துக்கு இவ்வளவு பெரிய குடும்பம் இருக்கும்னு நெனைக்கல.

காலைல பொண்ணுகிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் வரிசையா எதிரெதிர நடந்து ஒருத்தர் கையிலருந்து ஒருத்தர் பந்து வாங்கற மாதிரி வெளையாடிக் காட்டினேன், புரிஞ்சிக்கிட்டா. அப்புறம் மேடம் சொன்ன மாதிரி என் கைய வாளித் தண்ணியில ஐஸ் போட்டு வச்சோம் (அவ கைய இல்ல). ரெண்டு நிமிஷத்துல புறங்கை நரம்பு, சாரி, சிரை, காணாமப் போச்சு. அவளுக்கு அது மேஜிக் மாதிரி இருந்துச்சு, மறுபடி வர வைக்க கைய தேய்ச்சு தேய்ச்சு பார்த்தா. நாரை விஷயத்தையும் சொல்லித் தொலைச்சிட்டேன், சாயங்காலத்துக்குள்ள அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

இப்ப அடுத்த கேள்வி வந்திருக்கு, மேடம்தான் காப்பாத்தணும். "வாத்து பாதம் ஜில்லுன்னா பென்குயின் பாதமும் ஜில்லுதானே, அப்புறம் ஏன் முட்டைய போய் பாதத்து மேல வச்சிருக்கு, முட்டை கெட்டுப் போகாதா?"ன்னு.

ஊசிபோடும்_கை

பாப்பாவுக்கு என் பாராட்டு, நான் படிக்கும்போது எனக்கு இது தோணல.

பாதம் முட்டைக்கு அடுப்பு இல்ல, ஸ்டூல். ஐஸ்ல படாம தூக்கி வச்சுக்க மட்டும்தான். சூடு மேலருந்து வருது. எம்பரர் பென்குயினுக்கு அடிவயித்துல இறகு இல்லாத ஒரு தோல் பகுதி இருக்கு, அதுல ரத்தம் நெறைய ஓடும், அதுதான் முட்டைய தொட்டுக்கிட்டு இருக்கும், மேல ஒரு தோல் மடிப்பு போர்வை மாதிரி இறங்கி மூடிக்கும். அப்பா பென்குயின்தான் அடைகாக்கும், ரெண்டு மாசத்துக்கு மேல, எதுவும் சாப்பிடாம. அந்த நேரத்துல பாதத்த முழுசா ஐஸ்ல வைக்காது, விரல தூக்கிட்டு பின்னால சாஞ்சு குதிகாலும் வாலும் ஊனி முக்காலி மாதிரி நிக்கும். வாலு முனையில வெறும் இறகுதான், ரத்தம் ஓடாது, சூடும் போகாது.

உங்க வீட்டு வாளிக்கு வேலை இருக்கு போல, அடுத்த கேள்வி வந்தா இங்கயே போடுங்க.